கொள்கலன் இலக்கத்தை நான் கடைசியாகத்தான் பார்த்தேன்

2023 பெப்ரவரி 22ஆம் திகதி பிரேசிலின் பாரா மாநிலத்தில், மராபா என்ற இடத்தில், ஒன்பது வயது மாடொன்றுக்கு விசர்மாட்டு நோய் இருப்பது உறுதியானது. அடுத்த நாளே பிரேசில் சீனாவுக்கான மாட்டிறைச்சி ஏற்றுமதியைத் தானாகவே நிறுத்தியது. இரண்டு நாடுகளுக்கும் இடையிலான உடன்படிக்கை அப்படி. அந்த மாட்டின் பெயரால் யாழ்ப்பாணத்தில் இருக்கிற நான் 7,000 டொலர் இழந்தேன். அன்றைய மாற்று விலையில் ஏறக்குறைய 25 இலட்சம் ரூபாய். டுபாயில் இருக்கும் மச்சானும் அவருடைய கூட்டாளியும் இழந்தது அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். யாராவது முதலே சொல்லியிருந்தால் ஒரு பின்னேரத்துக்குள் பிடித்திருக்கக்கூடிய ஏமாற்று. அதனால்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

நண்டும் கடலட்டையும் வாங்கிக் கொழும்பு ஏற்றுமதிக்காரருக்குக் கொடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். இன்வொய்ஸ், பெட்டிக் கணக்கு, குளிரூட்டி எல்லாம் தெரியும் என்ற நினைப்பு இருந்தது. அந்த நினைப்புத்தான் முதல் பிழை. மச்சானின் கூட்டாளி அங்கே தொழிலாளர் முகாம்களுக்குச் சாப்பாடு கொடுப்பவர். அவருக்கு எலும்பில்லாத உறைந்த முன்சப்பை மாட்டிறைச்சி 27 தொன் தேவைப்பட்டது, அதாவது நாற்பதடிக் குளிர்க் கொள்கலன் ஒன்று. விற்பவரைத் தேடித் தரும் தரகு வேலை என்னுடையது. பெப்ரவரி கடைசியில் வட்ஸ்அப்பில் ஒருவர் வந்தார். சீனாவுக்குப் போக இருந்த கொள்கலன்கள் துறைமுகத்தில் நிற்கின்றன, தொன் 2,900 டொலருக்குத் தரலாம் என்றார். மற்றவர்கள் சொன்ன விலையைவிட அது மூன்றில் ஒரு பங்கு குறைவு. மலிவுக்கு ஒரு காரணம் கிடைத்ததும் மலிவைப் பற்றிய சந்தேகம் போய்விட்டது. செய்தி உண்மை, தடை உண்மை, கொள்கலன்கள் நின்றதும் உண்மை. பொய் அந்த ஆள் மட்டும்தான்.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆறாத ஒன்று, என் பயம் முழுக்க நோயைப் பற்றியே இருந்தது. ஐந்து நாள் அதிலேயே போனது. தெரிந்த அரச கால்நடை வைத்தியர் ஒருவரிடம் போய், "டொக்டர், இந்த இறைச்சியைச் சாப்பிட்டால் சனத்துக்கு ஏதும் வருமோ?" என்று கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். விசர்மாட்டு நோய் 1986இல் பிரித்தானியாவில் இனங்காணப்பட்டது. அங்கே மாட்டுக்குத் தீனியாகக் கொடுத்த இறைச்சி எலும்புத் தூளால் பரவியது. மனிதரோடு தொடர்பிருக்கிறது என்று அந்த அரசாங்கம் 1996இல்தான் ஒப்புக்கொண்டது. கிருமி அல்ல, உருக்குலைந்த ஒரு புரதம். அவித்தாலும் பொரித்தாலும் அழியாது. மூளை, முள்ளந்தண்டு வடம் போன்றவைதான் ஆபத்தான பகுதிகள், ஆகவே அறுக்கும் இடத்தில் அவற்றை அகற்றுவதுதான் காப்பு. அது தவிர, தீனியோடு தொடர்பில்லாமல் வயதான மாட்டில் அரிதாகத் தானாகவே தோன்றும் வகை ஒன்றும் உண்டு. மராபா மாடும் அந்த வகைதான் என்று மார்ச் தொடக்கத்தில் கனடாவிலுள்ள ஆய்வுகூடம் சொன்னது. அந்த வகையால் ஒரு நாட்டின் தரநிலை மாறுவதில்லை. பிரேசிலுக்கு 2012இலிருந்தே உலக விலங்கு நல அமைப்பின் மிகக் குறைந்த ஆபத்து என்ற தரம் இருந்தது.

கால்-வாய் நோய் வேறு கதை. எங்கள் ஊர்க் கொட்டில்களில் எல்லோரும் கண்டது. மனிதருக்கு அது சாப்பாட்டால் வருவதில்லை. ஆனால் மாட்டுக்கு மாடு, நாட்டுக்கு நாடு தாவுவதால் வியாபாரத்தை நிறுத்துவதில் அதற்கு மிஞ்சிய நோய் இல்லை. 2020இல் வட மாகாணத்துக்கு வந்து தோலெல்லாம் கட்டி கட்டியாகப் போட்டதே மாட்டுப் பெரியம்மை என்கிற தோல் கழலை நோய், அதுவும் மனிதருக்குத் தொற்றாது. ஊரில் மூன்றையும் சேர்த்து "மாட்டு வருத்தம்" என்று ஒரே வாயால் சொல்லிவிடுகிறோம். வாங்குகிற ஆள் பிரித்து வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு நோய்க்கும் சான்றிதழில் கேட்க வேண்டிய வசனம் வேறு. இவ்வளவும் சொல்லி முடித்துவிட்டு டொக்டர் கேட்டார், "நோய் கிடக்கட்டும் தம்பி, சாமான் இருக்குதோ எண்டு பாத்தனீங்களோ?" நான் ஓம் என்றேன். படம் பார்த்திருந்தேன், அவ்வளவுதான்.

வந்த கடதாசிகளைச் சொல்கிறேன். புரொபோர்மா இன்வொய்ஸ் (விற்க முன்னர் தரும் விலைச்சிட்டை), நிறுவனப் பதிவு, இறைச்சி ஆலையின் அனுமதி, பழைய கொள்கலன் ஒன்றின் சுகாதாரச் சான்றிதழ், ஹலால் சான்றிதழ், குளிர் அறையின் காணொளி. ஆறும் அந்த ஆளின் கையால் வந்தவை. ஒன்றையாவது நான் வேறு வழியால் எடுத்துப் பார்க்கவில்லை. பிரேசிலில் ஏற்றுமதிக்கு அறுக்கும் ஒவ்வொரு ஆலைக்கும் எஸ்.ஐ.எவ். என்ற கூட்டாட்சிப் பரிசோதனை இலக்கம் உண்டு. பெட்டியில் வட்ட முத்திரைக்குள் இருப்பது அதுதான். அந்த இலக்கம் எந்த நிறுவனத்துக்கு, எந்த ஊர் ஆலைக்கு, எந்த நாட்டுக்கு எந்தப் பொருளை ஏற்ற அனுமதி என்பதை அவர்களுடைய விவசாய அமைச்சு இணையத்தில் பகிரங்கமாக வைத்திருக்கிறது. எனக்குத் தந்த இலக்கம் உண்மையானது. ஆனால் அது வேறொரு பெரிய ஆலைக்கு உரியது, இன்வொய்சில் இருந்த பெயருக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. கள்ளர் இலக்கத்தைக் கற்பனை செய்வதில்லை, இருக்கிற ஒன்றைத்தான் எடுக்கிறார்கள். ஆகவே இலக்கம் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் தேறிவிடும். பெயர், ஊர், அனுமதித்த நாடு மூன்றும் பொருந்த வேண்டும். விற்பவர் ஆலை அல்ல, இடையில் நிற்கும் வியாபாரி என்றால், அவருக்கு விற்கிறோம் என்று ஆலையே சொல்ல வேண்டும். அதையும் அவர் தந்த தொலைபேசியில் கேட்கக்கூடாது. ஆலையின் சொந்த இணையத்தளத்தில் இருக்கும் எண்ணைத் தேடி எடுத்து அழைக்க வேண்டும். எங்கள் நேரத்தைவிட பிரேசிலியா எட்டரை மணித்தியாலம் பின்னால், இங்கே இரவு ஏழு மணி அங்கே காலை பத்தரை. இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. என்னுடைய ஆள் காலை ஒன்பது மணிக்குப் போடும் செய்திக்கெல்லாம் ஒரு நிமிடத்தில் பதில் போட்டார். அங்கே நள்ளிரவு தாண்டி அரை மணி. பிரேசிலில் இருக்கிறேன் என்றவர் எங்கே இருந்தாரோ.

ஹலால் சான்றிதழ் வந்த இடத்திலேயே எல்லாம் உடைந்திருக்க வேண்டும். ஹலால் என்பது அறுத்து முடிந்த பிறகு ஒட்டும் முத்திரை அல்ல. அறுத்த நாளில், அந்த ஆலையில், இறக்குமதி செய்யும் நாடு ஏற்றுக்கொண்ட அமைப்பின் மேற்பார்வை நடந்திருக்க வேண்டும். ஹலால் சான்றிதழில் இருக்கும் அறுத்த திகதியும் ஆலை இலக்கமும் சுகாதாரச் சான்றிதழில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். சீனாவுக்கென்று பொதி செய்து சீன மொழியில் சிட்டை ஒட்டிய பெட்டியை வளைகுடாவுக்குத் திருப்புவது கடதாசி மாற்றும் வேலை இல்லை. சிட்டை, ஆலையின் அனுமதி, ஹலால் மேற்பார்வை மூன்றும் முதல் நாளிலிருந்தே சரியாக இருந்தால்தான் அது நடக்கும். "எல்லாம் மாத்தித் தருவம்" என்று சொன்னவரிடம், எப்படி மாற்றுவீர்கள் என்று நான் கேட்கவேயில்லை.

மார்ச் 6ஆம் திகதி காசு போனது. மொத்தம் 78,300 டொலர், அதில் 30 வீதம் முற்பணம், 23,490. மீதி 70 வீதம், சாமான் கப்பலேறியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் பி.எல். பத்திரத்தின் பிரதி வந்ததும். இங்கிருந்து அனுப்பவில்லை. 2022 தட்டுப்பாட்டுக்குப் பிறகு வங்கியில் டொலர் என்று வாய் திறக்கவே கூசிய காலம் அது. என் பங்கை லண்டனில் இருக்கும் தம்பி மச்சானுக்குப் போட்டார், மச்சான் டுபாயிலிருந்து மொத்தமாக அனுப்பினார். கணக்கு இன்வொய்சில் இருந்த நிறுவனத்தின் பெயரில் இல்லை, பிரேசிலிலும் இல்லை. மூன்றாவது நாடொன்றில், வேறொரு பெயரில். "எங்கட நிதிப் பிரிவு" என்றார்கள். விற்பவரின் பெயரும் கணக்கின் பெயரும் ஒரு எழுத்து மாறினாலும் அனுப்பாதீர்கள். மின்னஞ்சல் முகவரியையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். உண்மையான ஆலையின் பெயரோடு ஒரு கோடும் ஒரு சொல்லும் கூடுதலாக ஒட்டியிருந்ததை நான் பிறகுதான் கண்டேன்.

எல்.சி., அதாவது கேட்ட ஆவணங்கள் வந்தால் விற்பவருக்குக் காசு தருவதாக வங்கி கொடுக்கும் நாணயக் கடிதம், திறந்தால் தப்பலாமா என்று பலர் கேட்கிறார்கள். முற்பணத்தைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். எல்.சி.யில் வங்கி பார்ப்பது ஆவணத்தை, சாமானை அல்ல. கேட்ட கடதாசி கேட்டபடி இருந்தால் வங்கி காசு கொடுத்துவிடும், பெட்டிக்குள் கல் இருந்தாலும். ஆகவே எந்தக் கடதாசியைக் கேட்பது என்பதில்தான் உங்கள் பாதுகாப்பு இருக்கிறது. ஏற்றும் இடத்தில் சுயாதீனப் பரிசோதனை நிறுவனம் ஒன்று பெட்டி எண்ணி, வெப்பநிலை எடுத்து, சீல் இலக்கம் எழுதிக் கொடுக்கும் அறிக்கையை எல்.சி.யிலேயே போட வேண்டும். பரிசோதகரை நியமிப்பதும் கூலி கொடுப்பதும் வாங்குபவராக இருக்க வேண்டும். விற்பவர் அனுப்பும் அறிக்கை என்றால், அதன் இலக்கத்தை அந்த நிறுவனத்தின் உள்ளூர் அலுவலகத்தில் கேட்டுப் பார்க்காமல் நம்பக்கூடாது.

மார்ச் 28ஆம் திகதி அடுத்த கடிதம். விசர்மாட்டு நோய்ப் பரிசோதனைக்கும் தனிமைப்படுத்தல் விடுவிப்புக்கும் 3,850 டொலர் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் கொள்கலன் நகராது. சீனா தடையை நீக்கியது மார்ச் 23இல். ஐந்து நாள் முந்திய செய்தி! தடை முடிந்தபின் தடைக்காகக் காசு கேட்கிறார்கள், நாங்களும் கட்டினோம். 23,490 உள்ளே போனபின் 3,850 பெரிதாகத் தெரிவதில்லை, போனதை மீட்கும் காசுபோலத் தெரிகிறது. இன்னொன்று, அந்த நோய்க்குப் பெட்டியிலுள்ள இறைச்சியைப் பரிசோதிக்க முடியாது. செத்த மாட்டின் மூளைத் தண்டிலிருந்து மாதிரி எடுத்துத்தான் பார்ப்பார்கள். டொக்டரை அன்றைக்கு ஒருதரம் அழைத்திருந்தால் ஒரு வசனத்தில் முடிந்திருக்கும். வெட்கத்தில் அழைக்கவில்லை.

ஏப்ரலில் பி.எல். பிரதியும் சுகாதாரச் சான்றிதழும் வந்தன, மீதி 70 வீதத்தையும் கேட்டு. இந்த இடத்தில்தான் நண்டு வேலையின் பழக்கம் உதவியது. பெட்டிக் கணக்கைப் பெருக்கிப் பார்த்தேன். 1,080 பெட்டி, பெட்டிக்கு 20 கிலோ, வருவது 21,600. கடதாசியில் 27,000 கிலோ. பிறகு கொள்கலன் இலக்கம். நாலு எழுத்து, ஏழு இலக்கம், நாலாவது எழுத்து எப்போதும் யு. கடைசி இலக்கம் சும்மா வருவதில்லை, முன்னால் இருக்கும் பத்தையும் வைத்துக் கணக்கிட்ட சோதனை இலக்கம் அது. எழுத்துகளுக்கு ஏ 10, பி 12, சி 13 என்று பெறுமதி போகும், 11, 22, 33 மூன்றும் விடுபடும். முதல் இடத்தை 1ஆல், அடுத்ததை 2ஆல், பிறகு 4, 8, 16 என்று இரட்டித்துப் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்து வரும் மிச்சம்தான் கடைசி இலக்கம். மிச்சம் 10 வந்தால் 0. கையால் போட்டாலும் ஐந்து நிமிட வேலை. எனக்கு வந்த இலக்கம் பொருந்தவில்லை. அப்படியொரு கொள்கலன் உலகத்திலேயே இருக்க முடியாது. கப்பல் நிறுவனத்தின் தளத்திலும் அந்த பி.எல். இலக்கம் இல்லை. சான்றிதழை மறுபடி எடுத்துப் பார்த்தால், அது கையெழுத்தான திகதி உற்பத்தித் திகதிக்கு இரண்டு நாள் முந்தியது. அரச வைத்தியர் இன்னும் அறுக்காத மாட்டுக்குச் சான்று கொடுத்திருக்கிறார்.

மீதியைக் கட்டவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். மச்சான் அங்கே வங்கிக்கும் பொலிசுக்கும் போனார். காசு வந்திறங்கிய அன்றே எடுக்கப்பட்டிருந்தது. ஏமாந்தது தெரிந்தால் முதலில் ஓட வேண்டியது அனுப்பிய வங்கிக்குத்தான், அதுவும் அன்றைக்கே. பெறும் வங்கிக்குத் திருப்பியனுப்பும் கோரிக்கை போக வேண்டும். பொலிஸ் முறைப்பாடு அதற்குப் பிறகு. நாங்கள் போனது ஆறு வாரம் கழித்து. மொத்தம் 27,340 டொலர், ஒரு சதமும் திரும்பவில்லை. என் பங்குக்காகத் தம்பியிடம் பட்ட கடன் இன்னும் முடியவில்லை. வீட்டில் மாட்டிறைச்சி அடுப்பேறாத குடும்பம் எங்களுடையது. அம்மாவுக்கு இதை மீன் யாவாரம் என்றுதான் சொல்லியிருந்தேன். விசயம் தெரிந்தபோது அவ, "மீனிலயோ இவ்வளவு நட்டம்?" என்று மட்டும் கேட்டா. அவவுக்கு எல்லாம் விளங்கியிருந்தது.

அடுத்த வருடம் அதே கூட்டாளிக்கு ஒரு கொள்கலன் உண்மையாகவே செய்தோம், இந்திய எருமை இறைச்சி. இந்தியாவிலிருந்து பசு, எருது, கன்று இறைச்சி ஏற்றுமதிக்குத் தடை. எருமை இறைச்சியும் எலும்பில்லாமல் மட்டும்தான் போகலாம். இந்தியப் பசு இறைச்சி என்றோ எலும்போடு என்றோ ஒருவர் விலை சொன்னால் அந்த இடத்திலேயே கதையை முடித்துவிடலாம். அங்கே கால்-வாய் நோய் இருப்பதால்தான் இந்த எலும்பு விதி. அந்தக் கிருமி நிணநீர்க் கணுக்களிலும் எலும்பு மச்சையிலும் தங்கும். தசையில் இறந்தபின் ஊறும் அமிலத்தில் அழியும். ஆகவே அறுத்த உடலை 2 பாகைக்கு மேலான குளிரில் குறைந்தது 24 மணித்தியாலம் வைத்து, முதுகுத் தசையின் நடுவில் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 6.0க்குக் கீழே இறங்கியதை அளந்து, கணுக்களையும் எலும்பையும் அகற்றிய பிறகே உறைய வைக்க வேண்டும். சான்றிதழில் இந்த வசனம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல், ஆலையின் அன்றைய பி.எச். பதிவேட்டுப் பக்கத்தையும் கேளுங்கள். ஒழுங்கான ஆலை அதே நாளில் அனுப்பும். கள்ளனுக்கு அப்படியொரு பதிவேடு இருப்பதே தெரியாது.

ஆலையை, விவசாய, உணவு ஏற்றுமதிக்கான இந்திய அரச அமைப்பான அபேடாவின் பதிவுப் பட்டியலில் பார்த்து, அதன் சொந்த எண்ணுக்கு அழைத்து, எல்.சி. திறந்து, பரிசோதகரை நாங்களே போட்டோம். விலையில் ஒரு சதமும் அதிசயமில்லை. மும்பைக்குப் பக்கத்தில் நவசேவா துறைமுகத்தால் 1,400 பெட்டி, 28 தொன் போனது. இறங்கியபோது மச்சான் சீல் இலக்கத்தைச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் படம் எடுத்தபிறகே கதவைத் திறக்கவிட்டார். கதவடி, நடு, உள் முனை மூன்று இடத்திலும் பெட்டி எடுத்து, இரண்டு கட்டிகளுக்கு இடையில் வெப்பமானியைச் செருகிப் பார்த்தார்கள். மைனஸ் 18க்கு மேல் போகவில்லை. பெட்டியின் அடியில் சிவப்பாகப் பனி தேங்கிக் கிடந்தால் வழியில் ஒருதரம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படி நாலு பெட்டி இருந்தது, கதவடிப் பக்கம். அதற்கு விலை கழித்தார்கள். தரகாக எனக்குக் கிடைத்தது 840 டொலர்.

2025 ஜனவரியில் ஜேர்மனியில் 1988க்குப் பிறகு முதல் தடவையாகக் கால்-வாய் நோய் வந்தது, அதுவும் எருமைகளில். இரண்டு கிழமை போகவில்லை, புது எண்ணிலிருந்து வட்ஸ்அப். கொரியாவுக்குப் போக இருந்த ஜேர்மன் இறைச்சி துறைமுகத்தில் நிற்குதாம், அரை விலைக்குத் தரலாமாம். ஆலையின் அனுமதி இலக்கத்தை அனுப்பச் சொன்னேன். உடனேயே அனுப்பினார். பட்டியலில் தேடினேன், இலக்கம் உண்மையானதுதான். அது ஒரு பாற்கட்டித் தொழிற்சாலையின் இலக்கம்.